எஸ்பிளனேட் பூங்காவுக்கு ஒரு தமிழ்க் கையேடு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூர் பாடாங் திடலுக்கு எதிரே, பழைய தலைமுறையினர் இன்னும் 'குவீன் எலிசபெத் வாக்' என்று சொல்லும் நடைபாதையை ஒட்டி இருக்கிறது எஸ்பிளனேட் பூங்கா. அங்குள்ள நினைவுச்சின்னங்களைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு அச்சிட்டு, தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு உங்கள் பொருளுதவியைக் கேட்கிறோம்.

1922 மார்ச் 31 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த போர் நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. ஏறிச்செல்லும் ஐந்து படிகளும் 1914 முதல் 1918 வரையிலான ஐந்து ஆண்டுகளைக் குறிப்பவை. முதல் உலகப் போரில் மாண்ட 124 பேரின் பெயர்கள் அதில் உண்டு. தூணின் மறுபக்கம் இரண்டாம் உலகப் போருக்கு உரியது. அங்கே தனிப்பெயர்கள் இல்லை. நாம் வாழ்வதற்காக அவர்கள் உயிர்கொடுத்தார்கள் என்ற பொருளில் நான்கு மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். அதில் தமிழும் ஒன்று.

சற்றுத் தள்ளி லிம் போ செங் நினைவகம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷாரின் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136-இல் பணியாற்றி, ஜப்பானியரிடம் பிடிபட்டு, 1944 ஜூன் 29 அன்று மலாயாவின் பத்து காஜா சிறையில் இறந்தவர் அவர். சரியாகப் பத்தாண்டு கழித்து நினைவகம் திறக்கப்பட்டது. சீன சமூகத்தார் பணம் திரட்டிக் கட்டியது அது. ஆனாலும் அவருடைய வரலாற்றைத் தமிழ்ப் பலகையிலும் வார்த்து வைத்தார்கள். நம் பிள்ளைகள் அதைப் படிக்காமல் கடந்து போவது எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

எங்களை இந்த வேலையில் இறக்கியது, இன்று அங்கே இல்லாத ஒரு சின்னம். இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று நேதாஜி இதே கடலோரத்தில் அடிக்கல் நாட்டினார். நின்றது சில வாரங்களே. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். சின்னம் இருந்த இடத்தில் 1995-இல் ஓர் அடையாளக்கல் நடப்பட்டது. அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சொல்வதை இப்போதே பதிவுசெய்தாக வேண்டும். கையேட்டில் பாதி அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள் போட எண்ணம். அச்சுக்கூலி, படங்களுக்கான உரிமைக் கட்டணம், ஒலிப்பதிவுச் செலவு, இவ்வளவுதான் கணக்கு. எழுதுபவர்களும் மாணவர்களைப் பூங்காவுக்கு அழைத்துப்போய்க் காட்டுபவர்களும் ஊதியம் வாங்கவில்லை. பத்து வெள்ளி (டாலர்) தந்தாலும் மனமாரப் பெற்றுக்கொள்வோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். பெற்றோர், தாத்தா பாட்டி நினைவாகக் கொடுப்பவர்கள் அந்தப் பெயரையும் எழுதித் தாருங்கள், கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சேர்க்கிறோம்.

பணம் தர இயலாதவர்கள் தயங்க வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியில் அந்தக் காலத்துப் புகைப்படமோ கடிதமோ படைச் சான்றிதழோ இருந்தால், அது எங்களுக்குப் பணத்தைவிடப் பெரிது. வீட்டுக்கே வந்து உங்கள் கண்முன் படி எடுத்துக்கொள்வோம். மூலம் உங்களிடமே இருக்கும்.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர்