லண்டனில் ஆடிப்பட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுத்தோட்டப் பக்கத்தில் ஆடிப்பட்ட விதைப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். ஊருக்கு அது சரி. ஆனால் என்னைப் போல் லண்டனில் கவுன்சிலிடம் அலாட்மென்ட் நிலம் வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறோம். (முழு மனை சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் 6 சென்ட்.)

இங்கே ஆடியில் பூசணி விதைத்தால், காய் முற்றுவதற்குள் உறைபனி கொடியைக் கருக்கிவிடும். ஏப்ரலில் ஜன்னலோரத் தொட்டியில் முளைக்கவைத்து, பனி பயம் போனபின் மே கடைசியில் நடவேண்டும். அந்த வாரம் முழுக்க நத்தையோடு மல்லுக்கட்டு. அசந்தால் ராத்திரியோடு ராத்திரியாக நாற்றின் தண்டு மட்டும்தான் மிஞ்சும். தண்டுக்கீரையை ஜூனில் அப்படியே தூவலாம், நன்றாக வரும். வெண்டைக்குக் கண்ணாடிக் குடில் இல்லாமல் ஆசைப்படவே கூடாது. பூண்டு நேர் எதிர், அதற்குக் குளிர் வேண்டும். ஐப்பசியில் பல் ஊன்றினால் ஆடியில் தோண்டலாம். ஆக, எங்களுக்கு ஆடி அறுவடை மாதம்!

குளிர்நாட்டு வாசகர்களுக்கும் ஒரு விதைப்பு அட்டவணை போடுங்களேன். பிப்ரவரிக்குள் வந்தால் மிளகாய் நாற்றுக்கு உதவும்.

வாசகி, ஈலிங், லண்டன்