பாதங்களைத் தொட்டுப் பார்த்த தங்கைக்கு நன்றி

அன்புடையீர்,

நேற்று அம்மா கைத்தடியை ஊன்றி, யாரும் பிடிக்காமல், அறையிலிருந்து வாசல் வரை நடந்துவிட்டார். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து நாங்கள் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், முறைபோட்டு வந்து உடனிருந்த சொந்தங்கள், கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்திவிட்டுக் கூலி வாங்க மறுத்தவர் என உங்கள் அனைவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனாலும் ஒருவரைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

அவர் இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவி. எலும்பு கூடிவிட்டதா, எப்போது நடப்பார் என்று நாங்கள் எல்லோரும் இடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் தரையில் உட்கார்ந்து, "பாதத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் அம்மா" என்றார். அம்மா கூசிப்போய்க் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் மெல்லப் பேசிப் பேசி, ஒரு பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

குனிந்து வெட்ட முடியாமல் கட்டைவிரல் நகம் தடித்து வளைந்திருந்தது. முன்பாதத்தில் கால் ஆணி. வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமில்லாமல் துடைத்து, நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டினார். கால் ஆணியை மட்டும் தொடவில்லை. அம்மாவைப் போலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை வீட்டில் வெட்டவோ மருந்து வைத்துக் கரைக்கவோ கூடாது, மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும் என்றார். பிறகு பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வளையும்வரை அழுத்தினார். கட்டைவிரலுக்கு அடியில் அழுத்தியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "தரை தெரியாத காலோடு இத்தனை நாள் நடந்திருக்கிறீர்கள்" என்று அந்தப் பெண் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். அதுவரை அவர் அழவே இல்லை.

அதோடு விடவில்லை. ஒரு தாளில் அம்மாவின் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அதன்மேல் பழைய செருப்பை வைத்தார். இரண்டு பக்கமும் கோடு வெளியே தெரிந்தது. வயதாக ஆகப் பாதம் அகலும் என்று அன்றுதான் அறிந்தேன். குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் வார், வழுக்காத அடி, தாழ்ந்த குதி ஆகிய மூன்றும் இருக்கும்படி பார்த்து வாங்கச் சொன்னார். அதுவும் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில்.

பயிற்சிகளும் எளியவைதான். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, தரையில் விரித்த துண்டைக் கால் விரல்களால் சுருட்டுவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. இவ்வளவுக்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கால் வலியுள்ள முதியவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சரியான காலணி, அதற்குள் வைக்கும் உள்ளங்கால் தாங்கி, பாதப் பயிற்சி எல்லாம் சேர்த்துப் பெற்றவர்கள் வழக்கமான பாதப் பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட 36 சதவீதம் குறைவாகவே விழுந்திருக்கிறார்கள்.

வயதானால் விழத்தானே செய்வார்கள் என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. முதியவர்களின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் எத்தனையோ பேர் பார்க்கிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்பவர்கள் எத்தனை பேர்? தினமும் இரவில் அம்மாவின் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டே நான் படுக்கிறேன். வீட்டுக்கு வரும் பெரியவர்களிடமும் பாதத்தைக் காட்டும்படி இனிக் கூச்சமின்றிக் கேட்கப் போகிறேன்.

தங்கையே, உனக்குத் தேர்வு நெருங்குகிறது என்று தெரியும். முடிந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு வா. கையூன்றாமல் எழுந்து உன்னிடம் காட்ட வேண்டும் என்று அம்மா தினமும் பழகிக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
அம்மாவின் மகள்