பல்கலைக்கழகக் கேரல் நிகழ்ச்சியில் தமிழும் ஒலிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால், தேர்வுகளை முடித்த கையோடு நம் பல்கலைக்கழக மாணவர்கள் பாடகர் குழுவாகத் திரண்டு கேரல் எனப்படும் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடுவது சிங்கப்பூரில் மனத்துக்கு இதமான ஒரு வழக்கம். அண்மையில் நான் கேட்ட நிகழ்ச்சியில் பக்கவாத்தியமே இல்லை. இசை நடத்துநர் சிறு சுருதிக் குழலை ஊதி ஆதார சுருதியைக் கொடுத்ததும், ஆண் பெண் குரல்கள் நான்கு பிரிவுகளாக இணைந்து எழுந்தன. ஆங்கிலம், லத்தீன், ஜெர்மன், மாண்டரின் என மொழிகள் மாறின. தமிழ் மட்டும் வரவில்லை. பாடியவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்ததால் அந்தக் குறை எனக்குப் பெரிதாகவே பட்டது.

தமிழில் கிறிஸ்துமஸ் பாடல்களுக்குப் பஞ்சமில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்தே ராகமும் தாளமும் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனை மரபு நமக்கு உண்டு. ஷார்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம், ஒஃபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா தேவாலயம் போன்ற இடங்களில் தமிழ் வழிபாடு தொடர்ந்து நடைபெறுகிறது. உலகமே பாடும் ‘சைலண்ட் நைட்’ பாடலும், 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில் கிட்டார் துணையோடு ஜெர்மன் மொழியில் முதன்முதலாக ஒலித்ததுதான். பிற நாட்டார் அதைக் கேட்டுத் தமதாக்கிக்கொண்டார்கள். நம் கீர்த்தனைகளுக்கும் அத்தகைய செவிகள் கிடைக்க வேண்டும்.

இதில் உண்மையான சிரமம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கீர்த்தனை ஒற்றை மெட்டில் ஓடுவது. அதை மேற்கத்திய முறையில் நான்கு குரல்களுக்குப் பிரித்தால் ராகத்தின் சாயலும், சுரங்களை அசைத்துப் பாடும் கமகங்களும் மங்கிவிடக்கூடும். ஆனால், கனத்த ஆண் குரல்கள் தம்புராவைப் போலச் சட்ஜமம் (ஸ), பஞ்சமம் (ப) ஆகிய இரு சுரங்களையும் நிறுத்திப் பிடிக்க, மற்றவர்கள் ஒரே குரலாக மெட்டைப் பாடினால் பாட்டின் உயிர் கெடாது; சரணத்தில் மட்டும் மெல்லிய இசைவுக் குரல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். உச்சரிப்பைப் பற்றியும் தயங்க வேண்டியதில்லை. லத்தீன் சொற்களை எழுத்தெழுத்தாகப் பயின்று பாடும் சீன, மலாய் மாணவர்களுக்கு, ஒலிப்பதிவும் பக்கத்தில் ஒரு தமிழ் மாணவரும் இருந்தால் நம் ழகரமும் வசப்பட்டுவிடும்.

ஆகவே, நமது தேவாலயப் பாடகர் குழுக்களும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்புகளும் இணைந்து, இரண்டு மூன்று கீர்த்தனைகளைச் சுரக்குறிப்பு, மேற்கத்திய இசைக்குறிப்பு, சொற்பொருள் ஆகியவற்றுடன் தயாரித்து இசை நடத்துநர்களிடம் நேரில் கொடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் போய் நின்றால் ஒத்திகைக்கு நேரமிருக்காது. ஆகஸ்ட்டில் கல்வியாண்டு தொடங்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
செங்காங்