மலருக்கு அவசரம் வேண்டாம்

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

கல்யாணத்துக்கு முன்னால் உன் மகள் மலருக்கும் என்னை மாதிரி காவிப் பல்லை மறைக்க வெனீர் ஓடு ஒட்டலாமா என்று போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாய். பின்னால் மலர் பாத்திரம் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அவள் காதுபட அவள் பல்லைப் பற்றிப் பேச மனசு வரவில்லை. அதனால்தான் கடிதம். இவர் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்குப் போயிருக்கிறார். புத்தகத்தை மாற்றிக்கொண்டு, ஏரிக்கரையில் நாலு பேரிடம் அரசியல் பேசிவிட்டுத்தான் வருவார். எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கக் கூச்சப்பட்டது அதுதானே? மேல்வரிசையில் முன்பல் ஆறு. ஒன்றுக்கு 12,000 வீதம் 72,000 ரூபாய். நகைச்சீட்டு முடிந்து வந்த பணம். "வளையலைக் கையில போடாம வாயில போட்டுக்கிட்டா" என்று இவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். கீழ்வரிசையைத் தொடவில்லை. நான் அனுப்பிய போட்டோவில் அது தெரியாது, நேரில் பேசினால் தெரியும். அங்கே அதே பழைய காவிதான். வாசல் பக்கம் மட்டும் வெள்ளையடித்த வீடு மாதிரி இருக்கிறேன்.

ஐம்பது வயசில் இது எதற்கு என்று நீ ஒருத்திதான் கேட்கவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கொரோனா சமயத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்தோமே, அப்போதுதான் நான் இந்த ஊரில் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் சிரித்தேன். ஆபீசில், லிஃப்டில், காய்கறிக் கடையில் எல்லா இடத்திலும் சிரித்தேன். அப்புறம் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டபோது, எனக்கு மட்டும் எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த யோசனை இது.

ஏழாம் வகுப்பில் பிரேயர் முடிந்ததும் நம் பல்லைக் காட்டச் சொல்வாரே ஒரு வாத்தியார், ஞாபகம் இருக்கிறதா? வெளியூர்க்காரர், நம் ஊர்த் தண்ணீர் குடித்து வளராதவர். "பல்லு வெளக்கத் தெரியாத கழுதைங்களா" என்று நம்மை அடிபம்புக்குத் துரத்தி, செங்கல் பொடியால் தேய்க்கச் சொன்னார். நீ ஈறு கிழிந்து ரத்தம் வரும்வரை தேய்த்தாய். தேய்த்துக் கொப்பளித்தது எந்தத் தண்ணீரில்? அதே பம்புத் தண்ணீரில்.

எனக்கு ஓடு ஒட்டிய டாக்டரம்மா சொல்லித்தான் முழுசாக விளங்கியது. பூமிக்கு அடியில் பாறையிலிருந்து ஃபுளோரைடு என்கிற உப்பு தண்ணீரில் கரைகிறது. அது அதிகமானால் பல்லில் காவி விழும். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எத்தனையோ கிணறுகளில் அதைத் தாண்டித்தான் இருந்தது. நிரந்தரப் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் ஈறுக்குள்ளே உருவாவது சுமார் எட்டு வயசு வரைக்கும். அந்த வயசில் குடித்த தண்ணீர்தான் கணக்கு. கறை பல்லின் மேல் படிந்ததாக இருந்தால் தேய்த்தால் போகும். நம்முடையது எனாமல் உருவாகும்போதே சேர்ந்து வந்தது. செங்கல் பொடிக்கு எப்படிப் போகும்?

2013-ல் காவிரித் தண்ணீரை நம் பக்கம் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபோது மலர் ஆறாம் வகுப்பு. அவளுக்கு அது தாமதம். உன் அண்ணன் பேத்திக்கு இப்போது முன்பல் முளைத்திருக்கிறது என்றாயே, நல்லா வெள்ளையாக இருக்கிறதா பார்த்து எழுது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் போனது வேறொரு கிளினிக். பேர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி எல்லாம் உண்டு. கோட்டுப் போட்ட ஒரு பையன் டேப்லெட்டில் என் முகத்தைப் படம் எடுத்து, பத்துப் பல்லையும் தும்பைப்பூ மாதிரி ஆக்கிக் காட்டினான். மாதத் தவணை எவ்வளவு என்று உடனே கணக்குப் போட்டான். டாக்டர் வந்து என் வாயைப் பார்த்தது கடைசி மூன்று நிமிஷம். பல்லைச் சீவ வேண்டியிருக்கும் என்பதை யாருமே சொல்லவில்லை. "நகத்துக்குப் பாலிஷ் போடுற மாதிரி மேடம்" என்றான் அந்தப் பையன். நகம் வளரும், எனாமல் வளராது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? நல்லவேளை, முன்பணம் கட்டாமல் வந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். நான் வாயைத் திறந்ததும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரும்மா, பாவகடாவா, கோலாரா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தர்மபுரி என்றேன். "அதானே பார்த்தேன்" என்றார். கர்நாடகத்திலும் நம்மை மாதிரி ஊர்கள் இருக்கின்றன செல்வி. பெங்களூரில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது.

வெனீர் என்பது பீங்கானில் செய்த மெல்லிய ஓடு. அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அந்த ஓடு உட்கார இடம் வேண்டும் என்பதற்காகப் பல்லின் முன்பக்கத்தை அதே அளவுக்குச் சீவுகிறார்கள். சீவாமல் ஒட்டலாமே என்று கேட்டேன். சிலருக்கு ஒட்டலாம், உனக்கு ஒட்டினால் பல் துருத்திக்கொண்டு நிற்கும், அடியில் இருக்கும் காவியும் மேலே தெரியும் என்றார். எனக்கு வைத்தது லித்தியம் டைசிலிகேட் என்கிற கண்ணாடி கலந்த பீங்கான், அதிலேயே கொஞ்சம் ஒளி புகாத வகை.

இது முதலில் வந்தது சினிமாக்காரர்களுக்காகவாம். 1928 வாக்கில் கலிஃபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்கிற பல் மருத்துவர் நடிகர்களுக்கு ஓடு செய்து, பல்செட்டுக்குப் போடும் பசைப் பொடியால் ஒட்டி அனுப்புவாராம். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். நீ என்னைச் சினிமாக்காரி என்றது அவ்வளவு தப்பில்லை பார். 1955-ல் மைக்கேல் புவோனகோர் என்பவர் எனாமலை ஆசிடால் லேசாக அரித்தால் பசை நன்றாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். 1980களில் பீங்கானின் உள்பக்கத்தையும் அதே மாதிரி அரித்து ஒட்டக் கற்றார்கள். அதற்கப்புறம்தான் இது நிலையாக நிற்க ஆரம்பித்தது. எனாமலோடு ஒட்டினால் உடும்புப் பிடி. எனாமலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் பிடிப்பு குறையும், கூச்சமும் வரும். அதனால் சீவுகிற கை நிதானமான கையாக இருக்க வேண்டும்.

நிறம் பார்த்த நாளைச் சொல்ல வேண்டும். வளையல் கடையில் மாதிரி மாட்டியிருப்பார்களே, அப்படி ஒரு பட்டையில் பதினாறு பொய்ப்பல். ஏ1, ஏ2 என்று பேர். லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, ஒவ்வொன்றாக என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவர் பின்னால் நின்றுகொண்டு, புடவைக் கடையில் நிற்கிற மாதிரியே, "இதைவிட வெள்ளை இல்லைங்களா?" என்றார். இருக்கிறதாம், அது வேறு டப்பாவில், வெளுத்த பல்லுக்கென்று தனியாக. அதில் ஒன்றை எடுத்து வைத்தார். கண்ணாடியில் பார்த்தேன், சிங்க் பேசினை உடைத்து வாயில் வைத்த மாதிரி இருந்தது. "கண்ணு வெள்ளையைவிடப் பல்லு வெள்ளையா இருந்தா முகத்துல ஒட்டாதும்மா" என்றார். ஏ2 எடுத்தேன். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, தேங்காய்ப் பத்தை காற்றாட இருந்தால் வருமே, அந்த நிறம். அம்மாவுக்குப் பல் அப்படித்தான் இருந்தது. அம்மா பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர்ப் பக்கம் இல்லையா.

சீவிய அன்று வலிக்கவில்லை, மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஆனால் பல் கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. தண்ணீர் பீச்சிக்கொண்டேதான் செய்தார்கள், என்றாலும் வந்தது. இடையில் ஒரு தடவை கை காட்டி நிறுத்தச் சொல்லிக் கண்ணாடி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆறு பல்லும் குச்சி குச்சியாக, சொரசொரவென்று நின்றன. அவ்வளவு வருஷம் ஒளித்து வைத்த பல், அந்த நிமிஷம் பாவமாக இருந்தது. கண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறதா என்று நர்ஸ் பெண் கேட்டாள். என்ன சொல்ல?

பத்து நாள் பிளாஸ்டிக்கில் தற்காலிகப் பல். பீங்கான் லேபிலிருந்து வந்ததும் முதலில் சும்மா வைத்துப் பார்த்து, "வவ்வால், வெல்லம், வெள்ளம்" என்று சொல்லச் சொன்னார். 'வ' சொல்லும்போது மேல்பல் நுனி கீழ் உதட்டில் எங்கே படுகிறது என்று பார்த்து நீளத்தைச் சரி செய்வார்களாம். நான் வவ்வால் வவ்வால் என்று சொல்ல, இவர் வெளியே நின்று சிரிக்க, ஒரே கூத்து. அப்புறம் ஆசிட், பசை, நீல விளக்கு. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நம் மாதிரிப் பல்லில் ஆசிட் அவ்வளவு சீக்கிரம் அரிக்காதாம், அதனால் கூடுதல் நேரம் வைத்தார்கள்.

இப்போது மலர் விஷயம். எனக்கு நல்லா இருக்கிறது என்பதால் அவளுக்கும் செய் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த ஓடு பத்து, பதினைந்து வருஷம் தாங்கும், கவனமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். எனக்கு இனி ஒரு தடவை மாற்றினால் போதும், இரண்டாவது தடவைக்கு நான் இருக்கிறேனோ இல்லையோ. அவளுக்கு 23. பதினைந்து வருஷம் என்றே வைத்துக்கொள், 38-ல் ஒரு தடவை, 53-ல் ஒரு தடவை, 68-ல் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் செலவு, ஒவ்வொரு தடவையும் பழசை எடுக்கும்போது பல்லும் கொஞ்சம் போகும். சின்ன வயசில் பல்லுக்குள் இருக்கும் நரம்பறை பெரிசாக இருக்கும் என்பதால் சீவினால் கூச்சம் வரும் வாய்ப்பும் அதிகம். கல்யாணத்துக்கு இரண்டு மாசம் இருக்கிறது என்று அவசரத்தில் செய்கிற காரியம் இல்லை இது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அவளுக்கு நம் அளவுக்கு மோசமில்லை. பல்லில் குழி விழவில்லை, மேலாகப் பழுப்புத் திட்டு மட்டும்தான் தெரிகிறது. அந்த மாதிரிக்கு நுண்ணிய பொடியோடு ஆசிடைச் சேர்த்து மேலே மிக லேசாகத் தேய்த்து எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் போகும். செங்கல் பொடி வாத்தியார் செய்ய நினைத்ததை ஒழுங்காகச் செய்வது என்று வைத்துக்கொள். அதற்கு மேல் பிளீச் செய்து பார்க்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால், நாற்பது வயசில்கூட வெனீர் போட்டுக்கொள்ளலாம். சீவிய பல்லைத்தான் திரும்ப வாங்க முடியாது. இங்கே விக்டோரியா ஆஸ்பத்திரிப் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டரம்மாவிடம் காட்டுவதற்கு முன்னால் அங்கேயும் ஒரு தடவை காட்டிவிடலாம். கூட்டமாக இருக்கும், காலையிலேயே போக வேண்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. பல்லைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா, இல்லை நீயாகவே பயப்படுகிறாயா? போனில் நீ இதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பையன் பாலக்கோட்டுக்காரன் என்றாய். அதுவும் நம் தர்மபுரிப் பக்கம்தானே. அவன் பல்லைப் பார்த்தாயா? எனக்கென்னவோ அவன் அம்மாவும் நம் மாதிரிக் கையை வாயில் வைத்துத்தான் சிரிப்பாள் என்று தோன்றுகிறது. மலரிடமும் கேள். அவளுக்கே வேண்டும் என்றால் அது வேறு, அப்போது நானே கூட வருகிறேன்.

என்னைப் பொறுத்தவரை வருத்தம் ஒன்றே ஒன்று. முன்பல்லால் கரும்பு கடிக்கக் கூடாதாம். சீடை, கொட்டைப் பாக்கு, மாங்கொட்டை எல்லாம் கடைவாய்க்குத்தான். நூலைக்கூடப் பல்லால் அறுக்கக் கூடாது, கத்தரி தேடுகிறேன். ராத்திரி தூக்கத்தில் நான் பல்லைக் கடிக்கிறேன் என்று டாக்டரம்மா கண்டுபிடித்து, போட்டுக்கொண்டு தூங்க ஒரு உறை கொடுத்திருக்கிறார். இவருக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

சனிக்கிழமை மலரைக் கூட்டிக்கொண்டு வா. ஓசூர் வழி பஸ்ஸில் ஏறி சில்க் போர்டில் இறங்கிப் போன் பண்ணு, இவரை அனுப்புகிறேன். ஆட்டோக்காரனிடம் நீயாகப் பேரம் பேசாதே. வீட்டில் கரும்பு இருந்தால் நாலு கழி எடுத்து வா. நறுக்கித்தான் தின்ன வேண்டும், பரவாயில்லை.

உன்,
கோமதி