உப்புக் காற்றும் மின் கட்டணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சிக்கனம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த குறிப்புகளை வாசித்தேன். ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது, குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போடுவது ஆகியவற்றில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆயினும் மண்டபத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்த்து வருபவன் என்ற முறையில், எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் மின்சாரத்தைப் பெரிதும் தின்பது உப்புக் காற்று என்பேன். அதைப் பற்றி அக்குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி துருவேறிப் பலவீனப்பட்டதால், 2022 டிசம்பரில் அதன் வழியே ரயில் ஓடுவது நின்றது. அந்தப் பாலத்தை அரித்த காற்று, ஃபிரிட்ஜின் முதுகில் இருக்கும் ‘காயில்’ எனும் கம்பிச் சுருளையும் ஏசி அவுட்டோர் யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகளையும் சும்மா விடுவதில்லை. உள்ளிருந்து இழுத்த சூட்டை வெளியே விடுவது இவ்விரண்டின் வேலை. இவற்றின்மேல் உப்பும் தூசியும் ஈரத்தோடு கலந்து அடையாகப் படிந்துவிட்டால் சூடு வெளியேற வழியின்றி, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடத் தொடங்குகிறது.

சில மாதங்களுக்கு முன் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டிற்கு அழைத்திருந்தார்கள். "அண்ணே, ஆறு மாசத்துல ரெண்டு தடவை கேஸ் போட்டாச்சு, கூலிங்கே இல்ல, கரண்டு பில்லு மட்டும் ஏறுது" என்றார் அந்த அக்கா. ஃபிரிட்ஜ் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. இழுத்துப் பார்த்தால், பின்பக்கக் காயில் கருவாட்டைப் போல வெள்ளை பூத்துக் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர விட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். கேஸ் குறையவே இல்லை. மாலையில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடத் தொடங்கியிருந்தது. கம்ப்ரசர் 120 வாட் என்று வைத்துக்கொண்டால், நிற்காமல் ஓடும்போது நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 யூனிட்டும், பாதி நேரம் ஓடும்போது ஒன்றரை யூனிட்டும் ஆகும்; இரண்டு மாதக் கணக்கில் இந்த வேறுபாடு 86 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிய உடனேயே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலையும் கைநழுவியது என்பதால், விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இது சிறிய தொகை அல்ல. பின்பக்கம் காயில் தெரியாத மாடல்களில் சூடு பக்கவாட்டுச் சுவர்கள் வழியாக வெளியேறுவதால், அவற்றை இரு பக்கமும் இடைவெளி விட்டு வைக்க வேண்டும்.

அலுவலகங்களின் நிலை இன்னும் மோசம். இப்பகுதி அலுவலகம் ஒன்றில் ஏசியை 18-இல் வைத்துவிட்டு, ஊழியர்கள் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்ததை நானே கண்டேன். மாடியில் அதன் அவுட்டோர் யூனிட்டுக்கு முன்னால் பழைய கோப்புப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். வெளியே தள்ளிய வெப்பக் காற்றையே அது திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரி முதல் விற்கப்படும் அறை ஏசிகள், ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்குமேல் கூட்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டால் நம் புழுக்கத்துக்குப் போதுமானது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருபவர்கள் உள்ளே இருக்கும் ஃபில்டரைத் தட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவதை அலுவலர்கள் ஏற்கக் கூடாது. அவுட்டோர் யூனிட்டைக் கழுவுவதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். புதிதாக மாட்டுபவர்கள் இடத்தையும் யோசிக்க வேண்டும். மண்டபத்தில் வாடைக் காற்றில் வடகடலும், கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் தென்கடலும் சாரலை அள்ளி வீசும் என்பதால், கடலைப் பார்த்த சுவரைத் தவிர்ப்பதே நல்லது.

மின்விசிறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய விசிறி ஒன்று 75 வாட் வரை எடுக்கிறது; பிஎல்டிசி எனும் புது வகை மோட்டார் விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. தினமும் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இன்னும் இருக்கும் வீடுகளில், வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் அதே அளவு குறையும் என்று நினைப்பது தவறு; அது ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. தொட்டுப் பார்த்தால் சுடும்.

எது மின்சாரத்தை இழுக்கிறது என்று தெரியாதவர்கள், ஒரு நாள் இரவு வீட்டில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்துவிட்டு, மெயினை மட்டும் விட்டுவைத்து, மீட்டரில் சிமிட்டும் சிறு சிவப்பு விளக்கைச் சற்று நேரம் கவனிக்கட்டும். அது இன்னும் சிமிட்டினால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது ஈரமும் உப்பும் ஏறிய வயரிங்கில் கசிவு இருக்கிறது. பின்னதென்றால் உடனே வயர்மேனை அழைக்க வேண்டும். அது பணத்தைவிட உயிர் சம்பந்தப்பட்டது. பல வீடுகளில் நான் கண்டது, டிவியை ரிமோட்டில் அணைத்த பின்னும் விழித்திருக்கும் செட்டாப் பாக்ஸ். 10 வாட் எடுக்கும் பெட்டி இரவும் பகலும் இருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. அவுட்டோர் யூனிட்டைக் கழுவ வேண்டும் என்றதும் சிலர் போர் தண்ணீரைக் குழாயில் பிடித்துப் பீய்ச்சுகிறார்கள். நம் பகுதியில் அது பெரும்பாலும் உவர் நீர். உப்பைக் கழுவுவதாக நினைத்து உப்பையே பூசுகிறார்கள், வேகமான நீரில் தகடுகளும் மடங்கிவிடுகின்றன. பிரேக்கரை அணைத்துவிட்டு, காவிரிக் கூட்டுக் குடிநீரில் ஒரு குடம் எடுத்து மெல்ல ஊற்றினாலே போதும். குடிக்கும் தண்ணீரை மெஷினுக்கு ஊற்றுவதா என்று வீட்டுப் பெண்கள் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். தண்ணீருக்காகக் காத்து நிற்பவர்கள் அவர்கள் என்பதால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. மாதம் ஒரு குடம் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
குளிர்சாதனப் பழுதுநீக்குபவர்,
மண்டபம்.