எழுபத்தொன்றாம் வருட வகுப்பிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோவை வேளாண் கல்லூரியில் நாங்கள் சேர்ந்தது 1971-ல். அதே ஆண்டில்தான் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1975-ல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் பிரிந்தவர்கள், 2025-ல் கல்லூரி இருக்கும் லாலி ரோட்டில் பொன்விழாவுக்கு மறுபடியும் கூடினோம். மண்டபம் கொடுத்தவர்கள், சாப்பாடு ஏற்பாடு செய்தவர்கள், மலர் அச்சிட்டவர்கள் எல்லோருக்கும் மேடையிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது. அந்த மேடைப் பக்கமே வராதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அன்று பாதி நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்திருக்கும். இந்த மடல் அவர்களுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரைச் சொல்லியே குறிப்பிடுகிறேன். விடுதியிலும் நமக்கு அதுதானே வழக்கம்.

எங்கள் வகுப்பைத் தேடிப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. வேளாண் துறைக்குப் போனவர்களை ஓரளவு தெரியும். 58 வயதில் ஓய்வு பெற்று, பெரும்பாலும் கடைசியாக வேலை பார்த்த ஊரிலோ சொந்த ஊரிலோ தங்கிவிட்டார்கள். வங்கிக்குப் போனவர்கள் கதை வேறு. 1969-ல் வங்கிகள் நாட்டுடைமையான பிறகு கிராமக் கிளைகளில் பயிர்க்கடனைக் கவனிக்க வேளாண் பட்டதாரிகள் தேவைப்பட்டார்கள். எங்களில் பலர் அந்த வழியில் போனார்கள். இன்று ஆந்திரம், நாளை ஒரிசா என்று மாற்றல் மேல் மாற்றல். வீட்டுத் தொலைபேசி எண்கள் எல்லாம் எப்போதோ துண்டிக்கப்பட்டவை. விடுதிப் பதிவேட்டில் இருந்த முகவரிகளில் பல வீடுகளே இப்போது இல்லை.

இந்த வேலையைத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டவர் தாராபுரத்து நண்பர். அவர் கண்டுபிடித்த வழி எனக்குத் தோன்றியிருக்காது. ஊருக்குப் போனதும் நேரே பழைய உரக்கடைக்குப் போவார். "இருபது, முப்பது வருடத்துக்கு முன்னால் இங்கே வேளாண் அலுவலராக இருந்தாரே, உயரமாக, கண்ணாடி போட்டவர்" என்று தொடங்குவார். தபால் அலுவலகத்துக்குத் தெரியாதது உரக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. முசிறியில் ஒரு கடைக்காரர், மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுத் தாமே பைக்கை எடுத்துக்கொண்டு வழிகாட்ட வந்தார். நாங்கள் தேடிய நண்பர் அந்த ஊரில் வேலை பார்த்தபோது, குருத்துப்பூச்சி தாக்கிய வயலில் இறங்கி நின்று பார்த்த மனிதர் என்று மட்டும் சொன்னாராம். ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டார் எங்கள் ஆள். எங்கள் வகுப்பு முழுவதும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

கும்பகோணத்துச் சகோதரிக்கு நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. அவருடைய கணவர் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல காலம் இருந்தவர். சில வருடங்களாக நினைவு மங்கிக்கொண்டு வருகிறது. இப்படி ஆன பிறகு எத்தனையோ வீடுகளில் கதவைச் சாத்திவிடுகிறார்கள், 'இவரை இந்த நிலையில் யாரும் பார்க்க வேண்டாம்' என்று. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாரம் சுமப்பவர்களுக்குத்தான் தெரியும். இந்தச் சகோதரி கதவைத் திறந்து வைத்தார். எப்படி வர வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அப்போது தெளிவாக இருப்பார். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், உங்கள் பெயரையும் ஊரையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். இதே நிலையில் நண்பர் இருக்கும் எல்லோரும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனபோது அவர் பேசவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். சகோதரி உள்ளே போய் ஒரு பிடி நெல்லைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நண்பர் கட்டைவிரலால் அதை மெல்லப் பரப்பினார். ஒரு மணியை எடுத்து நகத்தால் உமியைக் கீறி, அரிசியை முன்பல்லில் வைத்துக் கடித்தார். "இன்னும் ஒரு வெயில் காய வேண்டும்" என்றார். தாராபுரத்து நண்பர் அதைப் பிடித்துக்கொண்டு, "ஆடுதுறை 27 எத்தனை நாள் பயிர்?" என்று கேட்டார். "நூற்றைந்து" என்று பதில் உடனே வந்தது. "ஜி.இ.பி. 24-ஐயும் நோரின் 10-ஐயும் ஒட்டுச் சேர்த்தது" என்று தானாகவே தொடர்ந்தார். அந்த இரண்டு நெல் ரகங்களிலிருந்து 1965-ல் வெளிவந்து, தஞ்சைக் குறுவையையே மாற்றிய ரகம்தான் ஆடுதுறை 27. அதைப் பற்றி அன்று கால் மணி நேரம் பேசினார். சகோதரி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரம்பலூர் நண்பர் காலமானபோது அவருடைய துணைவியார் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்த அலைச்சல் உங்களில் பலருக்குத் தெரியாது. ஓய்வூதிய ஆணையில் அந்த அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. அந்தக் கருவூல அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் வேறொரு காகிதம் கேட்டார்கள். இணை இயக்குநராக ஓய்வு பெற்ற வேலூர் நண்பர், மூட்டுவலியோடு, அந்த அம்மாவுடன் கூடவே போய் உட்கார்ந்தார். எந்த விண்ணப்பத்தோடு எதை இணைக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி, நகல் வைத்து, கையெழுத்து வாங்கி, நிலுவையோடு பணம் வரும்வரை விடவில்லை. நம் வீடுகளில் இருவருடைய பெயரும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான்.

திருச்சித் தோழிக்கு வேறு மாதிரி நன்றி. எல்லோரும் பிறந்தநாள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவர் மறைந்தவர்களின் நினைவுநாள் பட்டியல் வைத்திருக்கிறார். அந்தந்த நாளில் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் எல்லாம் யார் நினைவு வைத்துப் பேசுகிறார்கள்? அவரிடம் இன்னொரு பட்டியலும் உண்டு. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஓய்வு பெற்ற மாதத்தில், உயிரோடு இருப்பதைக் காட்டும் நேர்காணல், மத்திய அரசு மற்றும் வங்கி நண்பர்களுக்கு நவம்பரில் வாழ்நாள் சான்று. யாருக்கு எந்த மாதம் என்று பார்த்து முன்கூட்டியே நினைவூட்டுகிறார். நடக்க முடியாதவர்களுக்கு அஞ்சல்துறை வங்கி மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாயில் முடித்துக்கொடுக்கிறார் என்பதே அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது. ரேகை பதியாத விரல்களைத் துடைத்துத் துடைத்து, முகம் சுளிக்காமல் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்த அந்தத் தபால்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

பிள்ளைகளையும் மறக்கவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பாவுக்கு ரயில் டிக்கெட் போட்டுக்கொடுத்து, கீழ்ப் படுக்கை கிடைத்ததா என்று கவலைப்பட்ட மகள்கள் இருக்கிறார்கள். எங்களைக் காரில் ஏற்றிச் சென்ற ஈரோட்டு ஓட்டுநர் தம்பி ஒருவர், கேட்காமலே மணிக்கு ஒருமுறை சுத்தமான கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தினார். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை அந்த வயதில் அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்ததும் கும்பகோணம் போவதாக இருக்கிறோம். சகோதரி சொன்ன கணக்குப்படி வீட்டுக்குள் இரண்டு இரண்டு பேராகத்தான் போவோம். காரில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. திருநெல்வேலி நண்பர் சில வாரங்களாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. மகன் எண்ணும் மாறிவிட்டது போலிருக்கிறது. பாளையங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, திருச்சித் தோழிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். முகவரி அவரிடம் இருக்கிறது.

நன்றியுடன்,
1971 சேர்க்கை வகுப்பின் சார்பில்,
உங்கள் தோழன்