‘இந்த மாடலுக்கு இது நார்மல்தான் சார்’: கார் நிறுவனத்துக்கு ஓர் ஓட்டுநர் பயிற்சியாளரின் திறந்த மடல்

பெறுநர்: எங்கள் பயிற்சிக் காரைத் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களும், கியர் அமைப்பை வடிவமைக்கும் பொறியாளர்களும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். என் வண்டியின் வரலாறு உங்களுக்குப் புதிதல்ல. கியர் ராடைத் தள்ளிய இடத்தில் கியர் விழுவதில்லை என்று நான்கு முறை சேவை மையத்தில் விட்டு, நான்கு முறையும் கையெழுத்திட்டு எடுத்து வந்ததற்கான ஜாப் கார்டுகள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையோடு வந்தது. ஆகவே கதையை முதலிலிருந்து தொடங்காமல், சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

என்னிடம் 21 நாள் பயிற்சியை முடித்த ஓர் அம்மையார் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு வந்திருந்தார். நாற்பதைக் கடந்தவர், தையல் கடை நடத்துபவர். ‘எச்’ தடத்தில் முன்னோக்கி ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. பின்னால் எடுக்க வேண்டிய இடம் வந்ததும் கிளட்சை முழுதாக மிதித்து, கியர் ராடை வலப்புறம் கடைசிவரை தள்ளிக் கீழே இழுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு கிளட்சை விட்டார். வண்டி முன்னால் துள்ளி, எதிரே நட்டிருந்த கம்பத்தில் முட்டி அணைந்துவிட்டது. ரிவர்ஸ் விழ வேண்டிய இடத்தில் நான்காவது கியர் விழுந்திருந்தது. பின்னால் நின்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ரிவர்ஸ் விளக்கு எரியவில்லை என்பதைக் கவனித்துக் கையைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏழு நாள் கழித்து மறுதேர்வு எழுதிக்கொள்ளலாம், கம்பத்துக்கும் சேதமில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் அந்த அம்மையார் சொன்னதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. “மன்னிச்சிடுங்க சார், என் கைதான் சரியில்ல. துணி தைக்கிற கைக்கு இதெல்லாம் வராதுபோல” என்றார். தையல் இயந்திரத்தில் நூலின் இழுவை மயிரிழை மாறினாலும் விரல் நுனியால் கண்டுபிடிக்கிற கை அது. அந்தக் கை பொய் சொல்லவில்லை, உங்கள் கியர் ராடுதான் பொய் சொன்னது. அதை அவரிடம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே வண்டியை எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, கியர் பெட்டியின் மேலே இரண்டு கேபிள்களும் வந்து மாட்டியிருக்கும் இடத்தில் டார்ச் அடித்தார். ஒரு கேபிள் ராடின் இடவல அசைவைக் கொண்டு செல்வது, மற்றது முன்பின் அசைவைக் கொண்டு செல்வது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை உள்ளே உட்கார்ந்து ராடை மெல்ல வலப்புறம் தள்ளச் சொன்னார். நான் இரண்டு விரற்கடை தள்ளிய பிறகுதான் “ம், இப்பதான் அசையுது” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. இடவலக் கேபிளின் முனையில், சட்டைப் பொத்தான் அளவுள்ள, கேபிளை ஆடாமல் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் வளையம் (புஷ்) தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அதை விரலில் வைத்துக் காட்டிய அண்ணன், “இதுக்குத்தானா நாலு தடவ போய்ட்டு வந்தீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த மடல்.

அந்தப் புஷ் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்ந்தாலே போதும். ராடின் நீளம் அந்த ஆட்டத்தைப் பல மடங்காக்கிக் கைப்பிடிக்குக் கொண்டு வந்துவிடும். நியூட்ரலில் விட்ட ராடு, கியர் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் விசையால், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் தானாக வந்து நிற்க வேண்டும். அங்கிருந்து இடப்புறம் தள்ளினால் ஒன்றும் இரண்டும், வலப்புறம் தள்ளினால் ஐந்தும் ரிவர்ஸும் என்பதுதான் இந்த வண்டியின் கணக்கு. கேபிள் முனை தளர்ந்துவிட்டால், கை வலது ஓரத்தைத் தொட்டிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் நெம்புகோலோ நடுவரிசையை விட்டே நகர்ந்திருக்காது. கீழே இழுத்தால் நான்குதான் விழும். தேர்வுத் தடத்தில் நடந்தது இதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது எனக்கே இது நடந்தது. இரண்டு விழ வேண்டிய இடத்தில் நான்கு விழுந்து, வண்டி திணறி நின்றது. மேலிருந்து ஒரு பேருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நிதானமானவராக இருந்ததால் இந்த மடலை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அந்தப் புஷ்ஷைத் தனி உதிரிபாகமாக விற்பனைக்குக் கொடுங்கள். கேபிளில் எவ்வளவு ஆட்டம் வரை ஏற்கலாம் என்ற அளவை எழுத்தில் வைத்து, அதை மீறும் வண்டியைச் சரிசெய்து கொடுங்கள்.

உங்கள் சேவை மையம் எனக்குச் சொன்ன தீர்வு வேறு. புஷ் தனியாக வராது, இரண்டு கேபிள்களும் சேர்ந்த முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும், கூலியோடு ஏழாயிரத்துச் சொச்சம் ஆகும் என்றார்கள். சரி, மாற்றுங்கள் என்றேன். உடனே, “மாத்தினாலும் பெரிசா வித்தியாசம் தெரியாது சார், இந்த மாடலுக்கு இது நார்மல்தான்” என்றார்கள். வித்தியாசம் தெரியாத வேலைக்கு ஏழாயிரம் எதற்கு என்று கேட்டதற்கு, மேலாளர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

நான் 1998-இல் கார் ஓட்டப் பழகியது ஒரு பழைய அம்பாசடரில். ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த கியர், முதல் கியருக்குச் சிங்க்ரோவே (பற்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதும் நிற்காமல் முதல் கியரைப் போட வேண்டுமென்றால் இரண்டு முறை கிளட்சை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரைத் தட்டி, பல்லோடு பல்லின் வேகத்தைச் சேர்த்துத்தான் போட வேண்டும். அது கடினமான வண்டிதான். ஆனால் நேர்மையான வண்டி. கியர் விழுந்தால் விழுந்தது, விழாவிட்டால் கறகறவென்று ஊருக்கே சொல்லிவிடும். விழுந்ததாகக் கைக்குக் காட்டிவிட்டு வேறெங்கோ போய் நிற்கும் பழக்கம் அதற்கு இல்லை. உலகத்தில் முதன்முதலாகச் சிங்க்ரோமெஷ் கியர் பெட்டியைக் காடிலாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது 1928-இல். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகும் கியர் விழுந்ததா இல்லையா என்று என் மாணவர்கள் ராடை ஆட்டி ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேபிளில் இயங்கும் கியர் குழைவாகத்தான் இருக்கும் என்று உங்கள் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் ஒருவர் விளக்கமளித்தார். பாதி உண்மை. 1989-இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 போன்ற காரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது; கியர் பெட்டி ஓட்டுநரின் கைக்கு நேர் கீழே வந்துவிடுகிறது; ராடு நேராகப் பெட்டிக்குள் இறங்குகிறது. அந்தக் கச்சிதத்தைக் குறுக்குவாட்டில் எஞ்சின் வைத்த சிறிய குடும்பக் காரில் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரும் முன்சக்கர இழுவைதான், அதிலும் கேபிள்தான். வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல் கியர் விழுவதாக அதை ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதுகிறார்கள். கேபிள்மீது பழி போடுவதற்கு முன்னால், அதன் இரு முனைகளிலும் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? கெட்டியான புஷ், கியர் பெட்டியின் மேல் நெம்புகோலில் ஓர் எடைக்கட்டி, சரியாக முறுக்கிய கேபிள் தாங்கி என இவையெல்லாம் பல நிறுவனங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருப்பவைதாம்.

கடையில் விற்கும் ‘ஷார்ட் ஷிஃப்டர்’ போட்டுக்கொள்ளுங்கள் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அது ராடு நகரும் தூரத்தைக் குறைக்கும்; குறைந்த தூரத்துக்கு ஈடாகக் கையின் பலம் கூடுதலாகத் தேவைப்படும். பழகுபவர்களுக்கு அது உதவாது. எனக்கு வேண்டியது வேகமல்ல. எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று கை கண்ணை நாடாமல் அறிய வேண்டும், விழும்போது கியர் பெட்டிக்குள் பள்ளத்தில் குண்டு உட்காரும் அந்தச் சின்ன ‘டக்’ உள்ளங்கைக்கு எட்ட வேண்டும். ஒரு நாள் பொறுமையாக எண்ணிப் பார்த்தேன்: அரை மணி நேர நகரப் பயிற்சியில் 112 முறை கியர் மாற்றினார் ஒரு மாணவர். எட்டு மாணவர்கள் வரும் நாளில் இது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறை விட்டபோது கியர் ஆயில் மாற்றியதாக ஜாப் கார்டில் எழுதியிருந்தது. எந்தத் தரம் என்று எழுதவில்லை. கேட்டபோது, “கம்பெனி ஆயில்தான் சார்” என்றார்கள். உங்கள் கையேடு இந்தப் பெட்டிக்கு ஜி.எல்.-4 என்ற தர எண்ணெயை ஊற்றச் சொல்கிறது. சிங்க்ரோவின் பித்தளை வளையம் கூம்பைக் கவ்விப் பிடித்தால்தான் இரண்டின் வேகமும் ஒன்றாகும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் அந்தப் பிடி தளரும், அளவுக்கு மீறித் தடித்தால் காலையில் முதல் பத்து நிமிடம் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். ஜி.எல்.-5 எண்ணெய்கள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையையே அரிக்கக் கூடியவை. இவ்வளவு நுணுக்கமான விஷயத்துக்கு ‘கம்பெனி ஆயில்’ என்பதுதான் பதிலா?

நான்காவது முறை போனபோது சேவை ஆலோசகர் மிக அன்பாக, “அடுத்த தடவ ஆட்டோமேட்டிக்கா எடுத்துடுங்க சார், இந்தத் தொல்லையே இருக்காது” என்றார். 2014-லிருந்து குறைந்த விலைக் கார்களிலும், கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். கால் வலிக்கிறது என்று மருத்துவரிடம் போனவனைச் சக்கர நாற்காலிக் கடைக்கு அனுப்புவது போன்ற யோசனை அது. உங்கள் புதிய மாடலில் பத்து அங்குலத் திரை இருக்கிறதாம், வணக்கம் சொல்லுமாம், கேட்டால் வானிலையும் சொல்லுமாம். மிக்க மகிழ்ச்சி. போட்டது நான்காவது கியரா, ரிவர்ஸா என்பதையும் அந்தத் திரையே சொல்லிவிட்டால், ராடை அலங்காரத்துக்காக வைத்துக்கொள்ளலாம். காட்சிக்கூடத்தில் இருக்கையின் தையலைத் தடவிக் காட்டத் தனி ஆள் நிற்கிறார். அதே காரின் கியர் ராடை ஆட்டிப் பார்த்தால் மட்டும், “சார், அது டிஸ்ப்ளே வண்டி” என்று ஓடி வருகிறார்கள்.

மன்னிக்கவும், கோபம் சற்றே வழிமாற்றிவிட்டது. கேட்க வந்ததைப் பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: கேபிள் முனைப் புஷ்ஷைத் தனியாக விற்பனைக்குக் கொடுங்கள், முடியுமானால் இன்னும் உறுதியான பொருளில் செய்து கொடுங்கள். ஏற்கத்தக்க ஆட்டத்தின் அளவை எல்லாச் சேவை மையங்களுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். ஊற்றிய எண்ணெயின் தரத்தை ஜாப் கார்டில் குறிக்கச் சொல்லுங்கள். இவற்றில் எதற்கும் புதிய தொழிற்சாலை கட்ட வேண்டியதில்லை.

இப்போதைக்கு மெக்கானிக் அண்ணன் அந்தப் புஷ்ஷைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தைச் செருகிக் கொடுத்திருக்கிறார்; பன்னிரண்டு ரூபாய். ரிவர்ஸ் இப்போது ரிவர்ஸிலேயே விழுகிறது. அது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டதற்கு, “வெயில்ல ரப்பர் இறுகிடும், பாத்துக்கோங்க” என்றார். அந்த அம்மையாரின் மறுதேர்வு வருகிற வியாழக்கிழமை. அதே வண்டியில்தான் வருகிறார். அதற்குள் உங்கள் பொறியாளர் ஒருவர் வந்து பார்ப்பதாக இருந்தால், காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் வண்டி பயிற்சிக்குப் போகாமல் வாசலில் நிற்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளரான ஓர் ஓட்டுநர் பயிற்சியாளர்,
நாமக்கல்.